வாடகையில் ஓடிய தலைநகரம்: உதுமானிய இஸ்தான்புல்லின் வக்ஃபு முறை

இஸ்தான்புல்லின் எமினோனு படகுத்துறைக்கு எதிரே யெனி ஜாமி என்னும் பெரிய பள்ளிவாசல் நிற்கிறது. அதை ஒட்டி ‘ட’ வடிவத்தில் மடங்கிக் கிடக்கிறது எகிப்தியச் சந்தை. குங்குமப்பூ, உலர்பழம், மூலிகை என்று வாசனை தூக்கும் இடம். சுற்றுலாக் கையேடுகள் இவற்றை இரண்டு தனித்தனி இடங்களாகப் போடுகின்றன. கட்டியவர் கணக்கில் இரண்டும் ஒன்றுதான்: சந்தை சம்பாதிக்கும், பள்ளிவாசல் செலவழிக்கும். இமாமின் சம்பளம், விளக்கெண்ணெய், கூரைப் பழுது எல்லாம் கடை வாடகையை நம்பியே நடந்தன. 1597இல் மூன்றாம் மெஹ்மத்தின் தாயார் சஃபியே சுல்தான் தொடங்கிப் பாதியில் நின்றுபோன வேலையை, 1660ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பிறகு நான்காம் மெஹ்மத்தின் தாயார் துர்ஹான் சுல்தான் கையில் எடுத்தார். பள்ளிவாசலை முடித்தபோது அதற்குச் சோறு போடும் சந்தையையும் சேர்த்தே எழுப்பினார்.

இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் வக்ஃபு. தமிழ்நாட்டுப் பள்ளிவாசல், தர்கா சொத்துச் செய்திகளில் அடிபடும் அதே வக்ஃபுதான். ஒட்டோமான் என்றும் உதுமானியர் என்றும் நாம் சொல்லும் பேரரசின் தலைநகரில் அது ஒரு ஊரையே நடத்தியது. இஸ்தான்புல்லுக்கு நகராட்சி என்று ஒன்று வந்ததே 1850களின் நடுவில்தான். அதற்கு முந்தைய நான்கு நூற்றாண்டுகளில் தானிய வரத்து, விலை நிர்ணயம், காவல், வழக்கு ஆகியவற்றை அரசும் காஜிகள் எனப்படும் நீதிபதிகளும் பார்த்துக்கொண்டார்கள். தெருக்குழாய்த் தண்ணீர், மருத்துவமனை, பள்ளிக்கூடம், மதரசா, ஏழைகளுக்கான சமையற்கூடம் போன்றவை பெரும்பாலும் வக்ஃபுகளின் பொறுப்பு. அந்த ஊரின் வரலாற்றைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் சுல்தான்களின் வரிசையை மனப்பாடம் செய்வதைவிட இந்த ஒரு முறையைப் புரிந்துகொள்வது மேல்.

ஒரு வக்ஃபு எப்படி உருவாகும்?

ஒருவர் தனக்கு முழு உரிமையுள்ள சொத்தை இனி விற்கவோ, பிறருக்குக் கொடுக்கவோ, வாரிசுகள் பிரித்துக்கொள்ளவோ முடியாதபடி நிரந்தரமாக முடக்குகிறார். அதன் வருமானம் என்றென்றைக்கும் இன்ன காரியத்துக்கு என்று எழுதிவைக்கிறார். சொத்து அசையாது, வருமானம் மட்டும் ஓடும். வக்ஃபின் சாரம் இவ்வளவுதான்.

முதல் நிபந்தனையே பலருக்குத் தடை. சொத்து ‘முல்க்’ ஆக, அதாவது சொந்த உடைமையாக இருக்க வேண்டும். வீடு, கடை, ஆலை, தோட்டம் எல்லாம் அப்படி இருக்கலாம். விளைநிலத்தில் பெரும்பகுதியோ அரசுடைமை. உழவருக்குப் பயிரிடும் உரிமை மட்டுமே. எனவே கிராம வருமானத்தை வக்ஃபுக்குக் கொடுக்க வேண்டுமானால், சுல்தான் முதலில் அதை அந்த ஆளின் உடைமையாக மாற்றித் தரவேண்டும். இதனால்தான் கிராமங்களை வைத்திருந்த வக்ஃபுகள் பெரும்பாலும் அரச குடும்பத்தினருடையவையாகவும், உயர்பதவியில் இருந்த பாஷாக்களுடையவையாகவும் இருந்தன.

அடுத்தது வக்ஃபியே என்னும் சாசனம். எந்தக் கடை, அதன் நான்கு எல்லை, யார் நிர்வகிப்பது, யாருக்கு நாளொன்றுக்கு எத்தனை அக்சே, சமையலுக்கு எவ்வளவு அரிசி என்று எல்லாம் அதில் வரும். அக்சே என்பது அன்றைய சிறு வெள்ளிக்காசு. இறுதியில், இந்த நிபந்தனைகளை மாற்றுகிறவர்மேல் இறைவனின், வானவர்களின், மனிதர் எல்லோரின் சாபமும் விழட்டும் என்று எழுதுவது வழக்கம்.

சாசனத்தோடு வேலை முடியாது. காஜியின் முன்னால் ஒரு வழக்கு நடக்க வேண்டும், அதுவும் முன்கூட்டியே பேசிவைத்த வழக்கு. உதுமானியர் பின்பற்றிய ஹனஃபி சட்ட மரபில் இமாம் அபூ ஹனீஃபாவின் கருத்துப்படி வக்ஃபைத் திரும்பப் பெறலாம். அவருடைய மாணவர்கள் அபூ யூசுஃபும் முஹம்மது அல் ஷைபானியும் திரும்பப் பெறமுடியாது என்றார்கள். ஆகவே சொத்தை முத்தவல்லி எனப்படும் நிர்வாகியிடம் ஒப்படைத்த கையோடு, கொடுத்தவரே ‘அபூ ஹனீஃபா சொன்னபடி எனக்குத் திருப்பிக் கொடு’ என்று கேட்பார். முத்தவல்லி மறுப்பார். காஜி மாணவர்களின் கருத்தை ஏற்று, வக்ஃபு செல்லும், இனி மீட்கமுடியாது என்று தீர்ப்பு எழுதுவார். நாடகம்போலத் தோன்றினாலும் காரணம் கனமானது. நீதிபதி ஒரு கருத்தைத் தேர்ந்து தீர்ப்பளித்துவிட்டால், பிற்காலத்தில் பேரனோ கொள்ளுப்பேரனோ மற்றக் கருத்தைக் காட்டிச் சொத்தைக் கேட்க வழியில்லாமல் போகும்.

நிர்வாகத்தில் முத்தவல்லிதான் தலை. அவருக்கு மேல் கண்காணிப்பாளராக நாஸிர், கீழே கணக்கு எழுதும் காத்திப், வாடகை தண்டும் ஜாபி. பெரிய வக்ஃபு என்றால் இந்தப் பட்டியல் மிக நீளும். சுல்தான் சுலைமான் நிறுவிய சுலைமானியே பள்ளிவாசல் வளாகத்தில் சம்பளம் வாங்கியவர்கள் எழுநூறுக்கும் மேல். விளக்கேற்ற ஒருவர், பாய் விரிக்க ஒருவர், அரிசி கழுவ ஒருவர் என்ற அளவுக்கு வேலை பிரிந்திருந்தது.

சம்பாதிக்கும் கட்டடம், செலவழிக்கும் கட்டடம்

1453 மே 29 அன்று இரண்டாம் மெஹ்மத் நகரைப் பிடித்தபோது, அது ஏற்கெனவே ஆள் குறைந்து பாழடைந்த ஊர். கோட்டைக்குள்ளேயே காய்கறித் தோட்டமும் இடிபாடும் கிடந்தன. ஊரை மறுபடி நிரப்ப அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, கல்லால் கவிகை மாடம் கட்டி, பூட்டிப் பாதுகாக்கக்கூடிய ஒரு பெதெஸ்தான் எழுப்பியது. பட்டு, நகை போன்ற விலையுயர்ந்த சரக்கு விற்கும் மண்டபம் அது. இன்று உலகமே அறிந்த மூடுசந்தையின் உள்மையம் அந்தப் பெதெஸ்தான்தான். அதன் வாடகை, தேவாலயமாக இருந்து பள்ளிவாசலாக மாறிய அயா சோஃபியாவின் வக்ஃபுக்குப் போனது. வணிகருக்குப் பாதுகாப்பான இடம், பள்ளிவாசலுக்கு வருமானம், சுற்றிலும் குடியேற்றம் என்று ஒரே கல்லில் மூன்று மாங்காய்.

1463க்கும் 1470க்கும் இடையே அவர் கட்டிய ஃபாத்திஹ் வளாகம் இந்த முறையின் முழு வடிவம். பள்ளிவாசலைச் சுற்றி எட்டு உயர் மதரசாக்கள், மருத்துவமனை, பயணியர் விடுதி, சமையற்கூடம். இப்படிப்பட்ட தொகுப்பைக் குல்லியே என்பார்கள். குல்லியே எழுந்த இடத்தில் தெரு பிறக்கும், வீடு வரும், கடை வரும். ஆட்சியாளர்கள் புதுப் பேட்டைகளை உருவாக்கியதே இப்படித்தான். 1477இல் எடுத்த கணக்கில் இஸ்தான்புல்லும் எதிர்க்கரையில் உள்ள கலாத்தாவும் சேர்ந்து 16,000க்கும் மேற்பட்ட வீடுகள் பதிவாயின.

சம்பாதிக்கும் கட்டடம் செலவழிக்கும் கட்டடத்தின் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்றில்லை. செம்பெர்லிதாஷ் ஹமாம் ஐரோப்பியக் கரையில், சந்தைக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1584இல் மூன்றாம் முராத்தின் தாயார் நூர்பானு சுல்தானுக்காக எழுந்த அந்தக் குளியற்கூடத்தின் வருமானம் நீரிணையைத் தாண்டி, ஆசியக் கரையில் உஸ்குதாரில் உள்ள அவருடைய அத்திக் வாலிதே வளாகத்துக்குப் போனது. ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் ஹமாம், இடம் தாராளமாகக் கிடைக்கும் மேட்டில் பள்ளிவாசல்! 1741இல் கட்டிய ஜாஅலோலு ஹமாம் இன்னும் வியப்பு: அது முதலாம் மஹ்மூத் அயா சோஃபியாவில் நிறுவிய நூலகத்துக்கு வருமானம் தருவதற்காக. குளிக்க வந்தவர் கொடுத்த காசு புத்தகம் காத்தது.

எமினோனு அருகில் 1560களின் தொடக்கத்தில் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞர் சினான் கட்டிய ருஸ்தம் பாஷா பள்ளிவாசலில் இந்த ஏற்பாடு கண்ணுக்கு நேராகத் தெரியும். சந்தைத் தெருவில் இடம் நெருக்கடி. அதனால் கீழே கவிகைக் கூரையிட்ட கடைகள், மேலே பள்ளிவாசல். கடைகளுக்கு நடுவே ஒரு குறுகலான படிக்கட்டு வழியாக ஏறினால்தான் முற்றம் வரும். இஸ்னிக் ஊரின் வண்ணச் சுவர் ஓடுகளுக்காக அங்கே போகிறவர்கள் படி ஏறுமுன் கீழேயும் ஒரு பார்வை பார்க்க வேண்டும்.

1550க்கும் 1557க்கும் இடையே அதே சினான் எழுப்பிய சுலைமானியேயின் வருமானத்தில் நகர வாடகை சிறு பகுதிதான். இருநூறுக்கும் மேற்பட்ட கிராமங்களின் வரி அதற்கு எழுதிவைக்கப்பட்டிருந்தது. ஆக, தலைநகரின் மருத்துவப் பள்ளிக்கும் சமையலுக்கும் தொலைதூர உழவர்கள் பணம் கட்டினார்கள். வக்ஃபின் அழகைப் பேசும்போது இதை மறைப்பது நியாயமல்ல.

சமையற்கூடத்தின் உள்ளே

இமாரத் என்பது வளாகத்தின் சமையற்கூடம். நாளுக்கு இரண்டு வேளை. காலையில் அரிசிக் கஞ்சி, மாலையில் கோதுமைக் கஞ்சி, கூடவே ரொட்டி. வெள்ளி இரவிலும் ரமளான் இரவுகளிலும் பெருநாளிலும் மட்டும் ஆட்டிறைச்சி சேர்ந்த சோறும், குங்குமப்பூ போட்ட ஸெர்தே என்னும் இனிப்புப் பொங்கலும். அந்தக் காலக் கணக்கில் வெள்ளி இரவு என்பது நாம் வியாழன் இரவு என்று சொல்வது, ஏனென்றால் நாள் சூரியன் மறைந்ததும் தொடங்கும்.

சாசனங்கள் அளவைத் துல்லியமாகச் சொல்லும். தானியத்தைக் கிலே என்ற அளவையால் எழுதினார்கள். இஸ்தான்புல் கிலே ஒன்றுக்குக் கோதுமை ஏறக்குறைய 25.6 கிலோ. இறைச்சியும் வெங்காயமும் ஒக்கா கணக்கு. ஒரு ஒக்கா ஏறத்தாழ 1.28 கிலோ. உப்பு, கொண்டைக்கடலை, மிளகு, விறகு எல்லாவற்றுக்கும் ஒதுக்கீடு உண்டு. ஒருவருக்கு ஓர் அகப்பைக் கஞ்சி, ஒரு ரொட்டி என்பதுபோன்ற விதியும் இருக்கும்.

யார் சாப்பிடலாம் என்பதில்தான் புதிதாகப் படிக்கிறவர்கள் தடுமாறுவார்கள். இது ஏழைகளுக்கு மட்டுமான கஞ்சித்தொட்டி அல்ல. வளாக ஊழியர், மதரசா மாணவர், பயணியர், ஏழைகள் என்று பல வகையினர் உண்டார்கள். வரிசையில் ஏழைகள் பொதுவாகக் கடைசி. பயணிக்கு மூன்று நாள் விருந்தோம்பல் என்பது மரபு. ஆசிரியருக்கும் அலுவலருக்கும் சாப்பாடு என்பது சம்பளத்தின் ஒரு பகுதி. இதிலேயே சீரழிவும் ஒளிந்திருந்தது. நாளடைவில் இமாரத் ரொட்டி பெறும் உரிமை கைமாறும் சொத்தாக ஆனது. பசியே தெரியாதவர்கள் பெயரிலும் ரொட்டி ஓடியது. கொள்முதல்காரர் தரக்குறைவான அரிசி வாங்குவது, கஞ்சியைத் தண்ணீராக்குவது போன்ற திருட்டுகளைத் தடுக்கவே சரக்கறைக்காரர், கொள்முதல்காரர், கணக்கர் ஆகிய மூவரையும் தனித்தனி ஆளாக வைத்தார்கள்.

தண்ணீர்

சுலைமான் காலத்தில் 1554 முதல் சினான் அமைத்த கிர்க்செஷ்மே நீர்வழி பெல்கிராட் காட்டுப் பகுதி ஊற்றுகளைப் பள்ளத்தாக்குகளைத் தாண்டி நகருக்குக் கொண்டுவந்தது. 1563 வெள்ளம் பாலங்கள் சிலவற்றை அடித்துச் செல்ல, மறுபடி கட்ட வேண்டியிருந்தது. மாஃக்லோவா நீர்ப்பாலம் 36 மீட்டர் உயரம், இன்றும் நிற்கிறது.

பங்கீடு செய்த முறை படிக்கப் படிக்கச் சுவை. விநியோகத் தொட்டியின் சுவரில், குறிப்பிட்ட விட்டமுள்ள குழல்களைப் பொருத்தி அளந்தார்கள். ஒரு லூலே என்பது நிமிடத்துக்குச் சுமார் 36 லிட்டர், நாளுக்கு ஏறக்குறைய 52 கன மீட்டர். அதில் நாலில் ஒன்று காமிஷ், எட்டில் ஒன்று மசூரா. பெரும்பாலான நீர் தெருக் குழாய்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் போனது. அங்கிருந்து சக்கா எனப்படும் தண்ணீர் சுமப்பவர்கள் தோல்பையில் நிரப்பி வீடு வீடாக ஊற்றினார்கள். வசதியுள்ள ஒருவர் புது ஊற்றைக் கண்டுபிடித்துத் தன் செலவில் பெருங்கால்வாயில் சேர்த்தால், வழியில் ஏற்படும் இழப்புக்குக் கொஞ்சம் கழித்துக்கொண்டு மீதியை ஊருக்குள் தான் நிறுவிய குழாயில் எடுத்துக்கொள்ளலாம். பெரிய வேலையோடு சின்ன வக்ஃபுகள் இப்படி ஒட்டிக்கொண்டு வளர்ந்தன.

கால்வாய்க்குப் பகை மூன்று: மேலே நட்ட மரங்களின் வேர், ஒட்டிக் கட்டிய வீடுகளின் கழிவு, கள்ளத்தனமாகத் துளையிட்டுத் தண்ணீர் இழுப்பது. வழியோரக் கிராமங்களுக்குச் சில வரிகளைத் தள்ளுபடி செய்து, பதிலாகக் காவலும் பராமரிப்பும் வாங்கிக்கொண்டார்கள்.

சாதாரண மக்களின் வக்ஃபு

சுல்தான்களின் கட்டடங்களைப் பார்த்துவிட்டு இது பணக்காரர் விளையாட்டு என்று நினைத்துவிடக் கூடாது. 1546இல் இஸ்தான்புல் வக்ஃபுகளைப் பதிவுசெய்தபோது ஏறக்குறைய 2,500 வக்ஃபுகள் கணக்கில் வந்தன. நிறுவியவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பெண்கள். ஒரு வீடு, ஒரு கடை, சில ஆயிரம் அக்சே ரொக்கம். அவ்வளவில் முடிந்தவை ஏராளம்.

ரொக்க வக்ஃபு தனிக்கதை. பணத்தைக் கடனுக்கு விட்டு, வரும் ஆதாயத்தைத் தர்மத்துக்குச் செலவழிப்பது. ‘பத்துக்குப் பதினொன்று’ என்பது வழக்கமான விகிதம், அதாவது ஆண்டுக்குப் பத்து சதவீதம். பதினைந்து வரை போனதும் உண்டு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெண்மணி 10,000 அக்சே வைக்கிறார் என்றால் ஆண்டு வரவு 1,000. தினமும் குர்ஆன் ஓதுகிறவருக்கு 2 அக்சே என்றால், 354 நாள் கொண்ட ஹிஜ்ரி ஆண்டுக்கு 708. முத்தவல்லிக்குத் தினம் அரை அக்சே, ஆண்டுக்கு 177. மிஞ்சும் 115இல் பள்ளிவாசலுக்கு எண்ணெயும் பாயும். கடன்காரர் ஒருவர் திருப்பாவிட்டால் இந்த மிச்சம் ஒரே ஆண்டில் கரைந்துவிடும். அதனால்தான் வலுவான அடகும் வசதியான ஜாமீன்தாரரும் இல்லாமல் கடன் தரக்கூடாது என்று சாசனங்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

வட்டி மார்க்கத்தில் தடுக்கப்பட்டதாயிற்றே? நேரடி வட்டியாக எழுதாமல், கடன் வாங்குகிறவர் தன் வீட்டை வக்ஃபுக்கு ‘விற்று’, வாடகை கொடுத்து அதே வீட்டில் இருந்துகொண்டு, முதலைத் திருப்பியதும் வீட்டை மீட்பது போன்ற வடிவங்களில் செய்தார்கள். இதை எல்லோரும் ஏற்கவில்லை. சிவிஸாதே என்ற உயர் நீதி அதிகாரி 1540களில் இதற்குத் தடை கொண்டுவந்தார், தடை நீடிக்கவில்லை. ஷேக் உல் இஸ்லாம், அதாவது பேரரசின் தலைமை மார்க்கச் சட்ட அறிஞர், எபுஸ்ஸுஊத் எஃபெந்தி, நெடுநாள் வழக்கமும் மக்கள் தேவையும் கருதி இது செல்லும் என்றார். பிர்கிவி மெஹ்மத் என்ற அறிஞர் கடைசிவரை எதிர்த்தார். எபுஸ்ஸுஊத் பக்கமே நடைமுறையில் வென்றது. ரொக்க வக்ஃபை ஒழித்திருந்தால் சிறு பள்ளிவாசல்கள் பலவற்றின் அடிப்படையே ஆட்டம் கண்டிருக்கும்.

தெருக்காரர்கள் கூடி அவாரிஸ் வக்ஃபு வைத்துக்கொள்வதும் உண்டு. அரசு திடீர் வரி கேட்கும்போது தெரு முழுவதற்குமான பங்கைக் கட்டவும், நோயாளிக்கும் ஆதரவற்றவருக்கும் உதவவும் அந்தப் பணம்.

புண்ணியம் மட்டும்தான் நோக்கமா? இல்லை. பாஷாக்கள் பலர் சுல்தானின் அடிமைகளாக இருந்து உயர்ந்தவர்கள். பதவி போனாலோ இறந்தாலோ அவர்கள் சொத்தை அரசு பறிமுதல் செய்யலாம். வக்ஃபு செய்த சொத்தைத் தொடுவது கடினம். தன் பிள்ளைகளையே முத்தவல்லிகளாக்கி, செலவு போக மிஞ்சியது அவர்களுக்கு என்று எழுதிவிட்டால் குடும்பமும் பிழைக்கும். தர்மமும் தன்னலமும் ஒரே சாசனத்தில் இருந்தன. அன்றைய மக்கள் அதை முரண்பாடாகப் பார்க்கவில்லை.

எங்கே பழுதானது?

என்றென்றைக்கும் மாறாதபடி எழுதியதே வக்ஃபின் பலம், அதுவே பலவீனமும். 1585–86 நாணயச் சீர்கேட்டில் ஒரு தங்கக்காசுக்கு 60 அக்சே என்றிருந்த விலை 120 ஆனது. சாசனத்தில் தினம் 2 அக்சே என்று எழுதியிருந்தால் காகிதத்தில் அது 2ஆகவே இருக்கும், கையில் அதன் மதிப்பு பாதிதான். மேலே போட்ட கணக்கில் ஓதுகிறவர் வேறு பிழைப்பு தேடவேண்டிய நிலை இது.

அடுத்த அடி தீ. மரவீடுகள் நிறைந்த ஊர். 1633, 1660 போன்ற பெருந்தீக்களில் வக்ஃபுக் கடைகள் வரிசை வரிசையாகச் சாம்பலாயின. மறுபடி கட்ட முத்தவல்லியிடம் பணமில்லை, சொத்தை விற்கவும் முடியாது. தீர்வாக வந்தது ‘இஜாரதைன்’, இரட்டை வாடகை. குடியிருப்பவர் கட்டடத்தின் விலைக்கு நெருக்கமான ஒரு பெருந்தொகையை முதலில் கொடுப்பார். அதில் கட்டடம் எழும். பிறகு ஆண்டுதோறும் ஒரு சிறு வாடகை. பதிலுக்கு அந்த இடத்தை அனுபவிக்கும் உரிமை அவருடையது, பிள்ளைகளுக்கும் போகும். அவசரத்துக்கு இது கைகொடுத்தது. ஆனால் அந்தச் சிறு வாடகை உயரவே இல்லை. சில தலைமுறையில் சொத்து பெயரளவில் வக்ஃபு, பலன் முழுக்கக் குடியிருப்பவருக்கு.

1586 வாக்கில் மக்கா, மதீனா வக்ஃபுகளின் மேற்பார்வை அந்தப்புரத்தின் தலைமைக் காவலரான தாருஸ்ஸஆதே ஆகாவின் கைக்குப் போனது. பின்னர் வேறு பல அரச குடும்ப வக்ஃபுகளும் அவரிடம் சேர்ந்தன. பெரும்பணம் அரண்மனை அரசியலோடு பின்னிக்கொண்டது. இரண்டாம் மஹ்மூத் 1826இல் வக்ஃபுகளுக்கெனத் தனி அமைச்சகம் அமைத்து வருமானத்தை மையத்தில் திரட்டினார். கணக்கு ஒழுங்கானது உண்மை; ஆனால் திரட்டிய பணம் அந்தந்த வளாகத்துக்கு முழுதாகத் திரும்பாததால் பராமரிப்பு மேலும் தளர்ந்தது.

வக்ஃபு செய்யும் பழக்கம் அதனால் நின்றுவிடவில்லை. அந்த மஹ்மூதின் மனைவி பெஸ்மிஆலெம், மகன் அப்துல்மெஜித் சுல்தானாக இருந்தபோது, 1845இல் ஆதரவற்ற ஏழை நோயாளிகளுக்காகக் குரேபா மருத்துவமனையைத் திறந்தார். 1924 மார்ச் 3 அன்று துருக்கிக் குடியரசு வக்ஃபு அமைச்சகத்தைக் கலைத்து, வக்ஃபுகளை ஒரு பொது இயக்குநரகத்தின் கீழ் கொண்டுவந்தது; மதரசாக்களும் அந்த மாதமே மூடப்பட்டன. குரேபா மருத்துவமனை மட்டும் மூடவில்லை. இப்போது அது பெஸ்மிஆலெம் வக்ஃபுப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனையாக இயங்குகிறது.